இடது பக்க முன் டயர்

அரசங்குடி,
18.2.1971

அன்புள்ள அத்தானுக்கு,

பாப்பாவும் நானும் திருப்பனந்தாளிலிருந்து வந்து சேர்ந்துவிட்டோம். பாப்பா சுகம் என்று முதல் வரியிலேயே எழுத நினைத்தேன். பேனாவை எடுத்ததும் ஒரு தும்மல் போட்டாள். ஆகவே சுகம் மாதிரிதான் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசவத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் இந்த வீடு வேறு வீடாகிவிட்டது. அறுவடைக் கூலித் தகராறில் நம் ஊர் ஆட்கள் ஒருவரும் வயலில் இறங்கவில்லையாம். மாமா லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்திருக்கிறார். பாதி நாள் போலீஸ் வண்டி வயலோரத்திலேயே நின்றதாம். புது உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து ஆற்றங்கரை நிலத்தை என் பேருக்கும் பாப்பா பேருக்கும் எழுதியிருக்கிறார்கள். மங்காவுக்குப் பல் இன்னும் முளைக்கவில்லை. பட்டா முளைத்துவிட்டது.

உங்கள் வண்டியைப் பார்த்தேன். வண்டிக் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. இஞ்சின் இறுகிப்போய்விட்டதாம். சங்கத்துத் தங்கையன்தான் எண்ணெய் ஊற்றும் துளையில் மணலைப் போட்டுவிட்டான் என்று மாமா போலீசில் எழுதிக் கொடுத்து, தங்கையன் இப்போது சப்-ஜெயிலில் இருக்கிறார். துளையின் மூடியில் மணல் ஒட்டியிருந்ததாம். அவர் வண்டிப் பக்கத்தில் நின்றதைத் உங்கள் தம்பி துரைராசு பார்த்தாராம்.

வண்டி உங்கள் பேரில் இருப்பதால் கோர்ட்டில் நீங்கள்தான் சாட்சி சொல்லவேண்டும் என்று வக்கீல் சொல்கிறார். சித்திரையில் வாய்தா. நீங்கள் "ஆமாம், மணல்" என்று சொன்னால் அவருக்குத் தண்டனை உறுதியாம்.

அவர் மனைவி வேம்பு இங்கே வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் ஐப்பசியில்தான் ஆண் குழந்தை. இரண்டு பிள்ளைகளும் அப்பன் மடியில் சரியாக உட்காரவில்லை. ஒருத்தர் ஜெயிலில், ஒருத்தர் மெட்ராசில்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் வண்டியின் முன்பக்கம் முழுவதும் முதலை வாய் மாதிரி திறக்குமே, அதைத் திறக்க எனக்கு நீங்கள் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தும் வரவில்லை. தங்கையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அகிலாண்டம்


மாம்பலம்,
24.2.1971

அகிலா,

நான் ஏன் ஊருக்கு வந்து வண்டியைப் பார்க்கவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்டதாக வைத்துப் பதில் சொல்கிறேன். சோழவரத்தில் ரேஸ் நடந்த அன்று நான் வேலிக்கு வெளியே நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். இரண்டு வருஷம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து, காற்றுப் போகும் துவாரங்களை எல்லாம் கையாலேயே தேய்த்து வழவழப்பாக்கி, இரட்டைக் கார்புரேட்டர் மாட்டி, முன்னால் எண்ணெய் குளிர்விக்க ஒரு சின்ன ரேடியேட்டர் வைத்து... சாதாரண ஹெரால்டு அது இல்லை என்பது உனக்குத் தெரியும். அதைச் சாக்குப் போர்த்திய கோலத்தில் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. மாம்பலத்தில் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல்தான் தீபாவளிக்கு ஊரில் விட்டேன். அப்பா வீட்டைவிடப் பத்திரமான இடம் எது?

இப்போது இரண்டு வழி. ஒன்று, இஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பது. கிராங்கைக் கடையவேண்டும், பேரிங் மாற்றவேண்டும், சாமான் கிடைக்கக் காத்திருக்கவேண்டும். மாசக்கணக்கு. இன்னொன்று, இஞ்சினையே மாற்றுவது. என் சிநேகிதன் ரெத்தினம் ஒரு விபத்து வண்டியின் இஞ்சினை வைத்திருக்கிறான். வேகம் இருக்காது, ஆனால் இறக்கி மாட்டினால் ஓடும். சீக்கிரம் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான்.

மனசு முதல் வழியில் நிற்கிறது. ஆனால் மணல் போட்ட இஞ்சினைப் பிரிப்பது வீண் வேலை. மணல் எல்லா இடத்தையும் அரித்திருக்கும். அதனால் மாற்றுவதுதான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். பழையது காயலான் கடைக்கு.

தங்கையனைப் பற்றி எழுதியிருக்கிறாய். கொடி பிடிக்கிறவன் மணலும் போடுவான். நீ ஊரில் இல்லாதபோது நடந்ததை நீ எப்படி அளப்பாய்? தவிர, அம்மா வீட்டில் சொன்ன தேதிக்கு மேல் எவ்வளவு நாள் இருந்தாய் என்பதை நான் எழுதவில்லை பார்.

ஒரே ஒரு சந்தேகம். மணல் போட்டால் இஞ்சின் முதலில் கரகரவென்று கத்தும். கத்தியபடி ஓடும். திடீரென்று இறுகாது. அங்கே வண்டி ஓட்டத் தெரிந்தவன் துரைராசு ஒருவன்தான். அவனிடம் கேள், நிற்பதற்கு முன் என்ன சத்தம் வந்தது என்று.

மங்காவுக்கு முத்தம்.

தியாகேசன்


அரசங்குடி,
3.3.1971

அன்புள்ள அத்தானுக்கு,

வண்டிக்கு ஒரு பக்கம், எனக்கு இரண்டு வரி, மங்காவுக்கு ஒரு முத்தம். வந்து சேர்ந்தது.

தம்பியிடம் கேட்டேன். "சத்தமா? ஒண்ணுமில்லை அண்ணி, டக்குன்னு நின்னுடுச்சு" என்றார். எங்கே ஓட்டிப் போனீர்கள் என்றேன். "சும்மா இங்கேதான்" என்றார். சும்மா இங்கே ஓட்ட நம் ஊரில் ஏது ரோடு? அதற்குள் எலெக்‌ஷன் மைக்கு வந்து காதைப் பிளந்ததில் பாப்பா அலறி எழுந்துவிட்டாள். பேச்சு அதோடு நின்றது.

நீங்கள் கத்தும், இறுகாது என்று எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பாப்பா தூங்கியபின் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்து இதுவரை பால் சூட்டைப் பார்ப்பதற்குத்தான் பயன்பட்டது. அதனால் ஒரு காரியம் செய்தேன். திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கூத்தாநல்லூர் யூனுஸ் நம் பம்புசெட்டைப் பார்க்க வந்திருந்தார். இஞ்சினில் இருக்கும் எண்ணெயை மட்டும் வடித்துத் தரச் சொன்னேன். "தாயி, பெரியவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப எனக்கும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே வடித்தார்.

அந்த எண்ணெயைப் பாப்பாவின் பழைய மல் துணியில் வடிகட்டினேன். துணியில் தங்கியதை மண்ணெண்ணெயில் அலசினேன். வெள்ளிச் சரிகையை நுணுக்கிப் போட்டதுபோல் பொடிப்பொடியாக மின்னியது. காந்தத்தைக் காட்டினால் பெரும்பாலும் ஒட்டவில்லை. உடைந்த அரிக்கேன் கண்ணாடித் துண்டு இரண்டுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். மணலாக இருந்தால் கண்ணாடியில் கீறல் விழவேண்டும் இல்லையா? ஒரு கீறல்கூட இல்லை. சந்தேகத்துக்கு வாசலிலிருந்து ஒரு சிட்டிகை மணல் எடுத்து அதே மாதிரி தேய்த்தேன். கண்ணாடி முழுக்கக் கிறுக்கல்.

பிறகு சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பாப்பாவைத் தூக்கினேன். என்னை முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். உங்களையும் அப்படித்தான் பார்ப்பாளோ என்னவோ.

இன்னொன்று. கீழே உட்கார்ந்து துணி அலசியபோது கண்ணில் பட்டது. இடது பக்க முன் டயர் வெளி ஓரத்தில் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருக்கிறது. உள் ஓரத்தில் பூ அப்படியே இருக்கிறது. ரேஸ் வண்டி டயர் அப்படித்தானா?

அகிலாண்டம்


மாம்பலம்,
9.3.1971

அகிலா,

உன் கடிதத்தை ஆபீசில் படித்து, மத்தியானம் படித்து, இப்போது ரெத்தினத்துக்கும் படித்துக் காட்டிவிட்டேன். அரிக்கேன் கண்ணாடி என்ற இடத்தில் அவன் எழுந்து நின்றுவிட்டான். "டேய், உன் பெண்டாட்டியை இங்கே கூட்டிட்டு வந்துடு, நாம ரெண்டு பேரும் ஊருக்குப் போய்ப் பிள்ளை வளர்க்கலாம்" என்கிறான்.

மின்னுவது பேரிங் உலோகம். மணல் இல்லாமல் பேரிங் தேய்ந்திருக்கிறது என்றால் எண்ணெய் கிடைக்காமல் தேய்ந்திருக்கிறது. ஏன் கிடைக்கவில்லை? இதுதான் எனக்குப் புரியவில்லை. எண்ணெய் குறைவாக இருந்ததா? நீ வடித்தது எவ்வளவு என்று எழுதவில்லை.

யூனுஸிடம் அடிப் பாத்திரத்தையும் கழற்றச் சொல். சம்ப் என்பார்கள், எண்ணெய் தங்குகிற தொட்டி. அதைக் கழற்றினால் நாலு பேரிங்கும் தெரியும். மணலாயிருந்தால் நாலிலும் கீறல் இருக்கவேண்டும். எண்ணெய்ப் பஞ்சம் என்றால் ஒன்றோ இரண்டோ உருகியிருக்கும், மற்றவை கண்ணாடிபோல் இருக்கும். அப்படியிருந்தால், அகிலா, அந்த இஞ்சின் சாகவில்லை. பிரித்துப் புதுப்பிக்கலாம். ரெத்தினத்தின் இஞ்சினை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

முன்னால் ரேடியேட்டரையும் பார். தண்ணீர் கொதித்திருந்தால் மூடியைச் சுற்றித் துருக்கறை இருக்கும்.

டயர் விஷயம் விசித்திரம். அது புது டயர். தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும் முன்தான் மாட்டினேன். மெட்ராசிலிருந்து அரசங்குடி வந்ததற்கு அப்படித் தேயாது. ஒரு பக்கம் மட்டும், அதுவும் வெளி ஓரம் மட்டும்... யோசிக்கிறேன்.

அப்பாவிடம் இதையெல்லாம் இப்போது சொல்லாதே. எலெக்‌ஷன் நேரம், அவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கிறது.

மங்கா மூக்கைச் சுளிப்பது எங்கள் அத்தை ஜாடை. இதற்கு ஒரு முழு வரி எழுதியிருக்கிறேன், கணக்கில் வைத்துக்கொள்.

தியாகேசன்


அரசங்குடி,
16.3.1971

அன்புள்ள அத்தானுக்கு,

மங்காவுக்கு இரண்டு நாளாக ஜுரம். இன்று இறங்கிவிட்டது. டாக்டர் சாதாரணச் சளி என்கிறார். அவருக்கு சாதாரணம். நான் அவள் மூச்சுக்குக் காது கொடுத்து உட்கார்ந்தபடியே இதை எழுதுகிறேன்.

யூனுஸ் வந்தார். மாமா தாலுக்கா ஆபீஸ் போயிருந்த நாளாகப் பார்த்து வரச்சொன்னேன். அத்தை கொட்டகை வாசலில் வந்து நின்றுகொண்டு, "பச்சை உடம்புக்காரிக்கு இரும்புகிட்ட என்ன வேலை?" என்றார்கள். "உங்க பிள்ளைதான் அத்தை செய்யச்சொல்லி எழுதியிருக்கார்" என்றேன். உங்கள் பேரைச் சொன்னதும் உள்ளே போய்விட்டார்கள். ஆனால் போகும்போது முகம் வேறு மாதிரி இருந்தது.

சம்பைக் கழற்றியாயிற்று. ஒரு பேரிங் வெல்லப்பாகு மாதிரி உருகி வழிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு அடுத்தது லேசாக நிறம் மாறியிருக்கிறது. மற்ற இரண்டிலும் என் முகம் தெரிகிறது. கீறலே கிடையாது. நீங்கள் எழுதிய மாதிரியேதான். எண்ணெயும் நிறையத்தான் இருந்தது, அன்று வடிக்கும் முன் அளவுக் குச்சியில் அடையாளத்துக்கு ஒரு விரல்கடை கீழே. பஞ்சமென்று சொல்ல முடியாதென்கிறார் யூனுஸ்.

ரேடியேட்டர்தான் வேடிக்கை. அதன் கண்ணெல்லாம் பதர். நெல் பதர், கூளம், வைக்கோல் துணுக்கு. நீங்கள் வைத்த சின்ன ரேடியேட்டரில் பாய் முடைந்த மாதிரி அடைந்திருக்கிறது. கார்புரேட்டர் வாயிலும் தூசி. மூடியைச் சுற்றித் துருக்கறை இருக்கிறது, தண்ணீர் கொதித்திருக்கிறது.

யூனுஸ் ஒரு கைப்பிடி பதரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"என்ன பாய்?"

"ஒண்ணுமில்லை தாயி. எனக்கு பெரியவர் வீட்டுல நாலு பம்புசெட்டு இருக்கு, நான் கிளம்பறேன்."

ஒரு வண்டி ரோட்டில் போனால் மூக்கில் பூச்சி ஒட்டும், பதர் எப்படி ஒட்டும்? வைக்கோல் லாரிக்குப் பின்னால் போயிருப்பாரா தம்பி? காற்றில் பறந்து வந்து கொட்டகையில் அடைந்திருக்குமா? அப்படியென்றால் பின்பக்கத்திலும் இருக்கவேண்டும், இல்லை. நன்றாக யோசித்து எழுதுங்கள். இந்த விஷயம் இப்போது எனக்கு பாப்பா ஜுரத்துக்கு அடுத்த கவலையாகிவிட்டது.

வலது முன் டயரையும் பார்த்தேன். அதில் வெளி ஓரம் புதுசு மாதிரி இருக்கிறது.

அகிலாண்டம்


மாம்பலம்,
20.3.1971

அகிலா,

இஞ்சினை இதற்குமேல் பிரிக்கவேண்டாம். ரெத்தினத்திடம் பேசி முடித்துவிட்டேன். அவனுடைய இஞ்சின் அடுத்த வாரம் லாரியில் வரும். யூனுஸ் மாட்டிக்கொடுக்கட்டும். பழையதைச் சம்ப், பேரிங் எல்லாவற்றோடும் எடைக்குப் போட்டுவிடச் சொல். ரேடியேட்டரை நன்றாகக் கழுவிவிடு. முன் டயர் இரண்டையும் மாற்றிவிடலாம்.

வாய்தாவுக்கு வருகிறேன். வக்கீல் சொல்கிறபடி சொல்லிக்கொள்ளலாம்.

மங்காவின் ஜுரம் பற்றித் தந்தி கொடு.

தியாகேசன்


அரசங்குடி,
27.3.1971

அத்தான்,

மங்காவுக்கு ஜுரம் விட்டது என்று தந்தி கொடுத்தது வந்திருக்கும். இந்தக் கடிதம் தந்தியில் அடங்காது.

உங்கள் கடிதத்தில் ஒரு கேள்விகூட இல்லை. கேள்வி கேட்காத உங்களை எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்று ஐயர் மந்திரம் சொல்லும்போது நாதசுரத்துச் சீவாளி எதில் செய்கிறார்கள் என்று என் காதில் கேட்டவர் நீங்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என்ன தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை.

முந்தாநாள் பால் புகட்டும் பாலாடையைப் பாப்பா தட்டித்தட்டி விட்டாள். இடுப்பில் அவளையும் கையில் பால் பாலாடையையும் வைத்துக்கொண்டு கூடத்துத் தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். தூண் எனக்கு வலது பக்கம். அவசரத்தில் வேகமாகச் சுற்றியபோது பால் முழுவதும் இடது பக்கம் ஏறி விளிம்பில் வழிந்தது. வலது ஓரத்தில் பாலாடையின் வெள்ளி தெரிந்தது. நான் அப்படியே நின்றேன். பாப்பா கத்தினாள்.

ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால், எண்ணெய் நிறைய இருந்தும் ஒரு ஓரம் காய்ந்து கிடக்கும். இடது பக்க டயர் வெளி ஓரம் தேயும். ஆனால் யார், எதற்கு, எதைச் சுற்றி?

பதர்.

எனக்கு ஊகம் போதவில்லை. வேம்புவிடம் கேட்கலாம் என்று தோன்றியது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி அவர்கள் தெருவுக்குப் போனேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவை. வேம்பு எழுந்திருக்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"வேம்பு, வண்டி மூக்கெல்லாம் பதரா அடைஞ்சு கிடக்கு. அறுப்புச் சமயம் வண்டி களத்துக்கு வந்துச்சா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"வந்துச்சாவா? மூணு நாளு போரடிச்சுதே சின்னம்மா! வெளியூர் ஆளுங்க அறுத்துப் போட்டுட்டு லாரி ஏறிட்டாங்க. எங்காளுங்க மாடு ஓட்ட வரமாட்டோம்னுட்டாங்க, டிராக்டர்காரனும் தகராறுக்குப் பயந்து வரலை. மேல மேகம் கட்டிக்கிட்டு வருது. பெரியவரு என்ன செய்வாரு? சின்னவர காருல ஏத்தி, வைக்கோலுமேல ஓட்டுடான்னாரு. செக்குமாடு மாதிரி சுத்திச் சுத்தி வந்துச்சு. நாங்க வரப்புல குந்திப் பாத்துக்கிட்டு இருந்தோம். புகை வந்துச்சு, நின்னுச்சு. தண்ணி ஊத்தினாங்க, ஓடுச்சு. அப்பறம் ஒரேயடியா நின்னுடுச்சு. 'ஐயா, காருக்குப் புல்லு வைங்க'ன்னு யாரோ கத்தினாங்க. எங்காளுதான் கத்துனது. அதுக்குத்தான் இது."

"இதை ஸ்டேஷன்ல சொல்லலையா வேம்பு?"

"சொன்னாரே! காரை வச்சுப் போரடிச்சாங்கன்னு சொன்னதுக்கு, கேலியாடா பண்றேன்னு இன்னும் ரெண்டு விட்டாங்க. யாரு நம்புவா? நீங்களே நம்பலைல்ல, பதரைப் புடிச்சுப் பாத்துல்ல வர்றீங்க." பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். "ஊருக்கே தெரியும் சின்னம்மா. கேக்காத ஆளு நீங்க ரெண்டு பேருதான்."

அத்தான், அந்த வைக்கோல் எந்த வயல் வைக்கோல் தெரியுமா? ஆற்றங்கரை நிலம். என் பேரில் இருப்பது.

லாரி இன்று காலை வந்தது. ரெத்தினம் அண்ணனின் இஞ்சினை இறக்க வேண்டாம், இரண்டு நாள் நிற்கட்டும் என்று சொல்லியிருந்தேன். நிற்க முடியாதென்று டிரைவர் கத்தியதால் கொட்டகை வாசலில் இறக்கி வைத்திருக்கிறது. பழைய இஞ்சினை யாரும் தொடக்கூடாது என்று பாப்பாவின் தூளியைக் கொட்டகையிலேயே கட்டிவிட்டேன். மாமா கேட்டதற்கு, உள்ளே புழுக்கம் என்றேன். அவர் சம்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இஞ்சினை மாற்றினால் வண்டி ஓடும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தங்கையன் உள்ளேயே இருப்பார். பழையதைப் பிரித்தால் கோர்ட்டில் வைக்க இரண்டு பளபளக்கும் பேரிங்கும் ஒரு பிடி பதரும் இருக்கும். இரண்டு வழி என்று முதலில் எழுதியவர் நீங்கள்தான். எந்த வழி என்று எழுதுங்கள்.

அகிலாண்டம்


மாம்பலம்,
3.4.1971

அகிலா,

வலது டயரைப் பற்றி நீ எழுதிய கடைசி வரியில் எனக்கு விளங்கிவிட்டது. டிரைவர் இருக்கை வலது பக்கம். களத்து நடுவைக் கண்ணால் பார்த்தபடி சுற்றவேண்டுமென்றால் வலப்பக்கமாகத்தான் சுற்றுவான் துரைராசு. முதல் கியர், இஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும், வண்டியோ சைக்கிள் வேகம். மூக்கில் காற்று வராது, பதர் வரும். தண்ணீர் கொதித்து, எண்ணெய் நீர்த்து, அதுவும் ஒரு பக்கமாக ஒதுங்கி, பேரிங்குக்கு ஏறாமல்... ஒரு இஞ்சினைக் கொல்ல இதைவிட நல்ல வழியை நானே யோசித்திருக்க முடியாது. ரெத்தினத்திடம் சொன்னேன். அவன் அழுகிற அளவுக்குச் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு ராத்திரி முழுவதும் சிரிப்பு வரவில்லை.

மூடியில் ஒட்டியிருந்தது களத்து மண்ணாகத்தான் இருக்கும். அப்பா தங்கையன்மேல் பழி போடவேண்டுமென்றே போட்டாரா, இல்லை நிஜமாகவே மணல் என்று நம்பினாரா என்று தெரியவில்லை. களத்தில் மாடு சுற்றும், டிராக்டர் சுற்றும், கார் சுற்றினால் என்ன என்பதுதான் அவர் கட்சியாக இருக்கும். இதை அவர் வாயால் கேட்க எனக்குப் பயம். அதனால்தான் அப்படி ஒரு கடிதம் எழுதினேன்.

கூண்டில் ஏறி நான் என்ன சொல்லவேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். "என் தகப்பனார் ரேஸ் காரை வைத்துப் போரடித்தார்" என்று சொல்லவேண்டும். கோர்ட்டே சிரிக்கும். டவாலி போட்ட சேவகன் சிரிப்பான். மறுநாள் கூத்தாநல்லூர் கடைத்தெரு சிரிக்கும். தாலுக்கா ஆபீசில் அவர் எதிரே உட்காருகிற ஆள் சிரிப்பான். நாலு தலைமுறை மிராசுக்கு "காரில் போரடித்த பண்ணை" என்று பேர் விழும். அவர் அதை மன்னிக்கமாட்டார்.

சிரிக்கட்டும். தங்கையன் அந்தச் சிரிப்புக்குத்தான் அடி வாங்கியிருக்கிறான்.

ரெத்தினத்தின் இஞ்சினைத் திருப்பி அனுப்பிவிடு. லாரி வாடகை அவன் தலையில், நட்பு கெடாமல் பார்ப்பது என் தலையில். நம் இஞ்சினைப் பிரிப்போம். கிராங்கை நாகப்பட்டினத்தில் கடையலாம். பேரிங் நான் கொண்டுவருகிறேன். யூனுஸ் பாய் கோர்ட்டுக்கு வரவேண்டாம் என்று சொல், அவருடைய நாலு பம்புசெட்டும் அவருக்கே இருக்கட்டும். நான் பிரித்ததாகவே சொல்லிக்கொள்கிறேன்.

வாய்தாவுக்கு முன்னால் வருகிறேன். அதுவரை ரேடியேட்டரைக் கழுவாதே. இடது பக்க முன் டயரைக் கழற்றித் தூளிக்குப் பக்கத்தில் சாய்த்து வை. அதைத்தான் கோர்ட்டுக்கு உருட்டிக்கொண்டு போகவேண்டும்.

மங்கா என்னைப் பார்த்து மூக்கைச் சுளிக்கட்டும்.

தியாகேசன்


அரசங்குடி,
27.6.1971

அன்புள்ள அத்தானுக்கு,

நம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்கால் உழுகிறார்கள். நீங்கள் போனதிலிருந்து மங்கா கதவுப் பக்கமே பார்க்கிறாள். நீங்கள் பயந்ததுபோல் நெஞ்சுச் சளி இல்லை, பல்தான். மேலே ஒன்று எட்டிப் பார்க்கிறது. இருந்தாலும் டாக்டரிடம் காட்டினேன்.

நேற்று யூனுஸ் இஞ்சினைக் கிளப்பினார். முதல் தடவை இருமியது, இரண்டாம் தடவை தும்மியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம்! கொட்டகைக் கூரையில் இருந்த புறாவெல்லாம் போய்விட்டன. நான் பாப்பாவின் காதைப் பொத்தினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

கோர்ட்டில் நீங்கள் பேசியதிலிருந்து மாமா உங்கள் பேரைச் சொல்வதில்லை. "மெட்ராஸ்காரன்" என்கிறார். என்னிடம் பேசுவதேயில்லை. நேற்று சத்தம் கேட்டு வெளியே வந்தார். இஞ்சினையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காற்றைப் பார்த்துக் கேட்டார்: "களத்துல ஓட்டினா இதுக்கு என்னதான் ஆவும்?"

நான் உள்ளே போய்த் தாம்பாளத்தில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்தேன். அவர் எதிரிலேயே வலப்பக்கமாகச் சுற்றி நடந்து காட்டினேன். எண்ணெய் இடது பக்கம் ஏறியது, வலது ஓரம் வெறும் பித்தளையாகப் பளபளத்தது. குனிந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் விரலைத் துண்டில் துடைத்தார்.

"அப்ப மாத்தி மாத்திச் சுத்தியிருந்தா?"

யூனுஸ் பாய் ஸ்பானரைப் போட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் ஓடிவிட்டார், சிரிக்க. நான் சிரிக்கவில்லை. "அப்பவும் பதர் அடைக்கும் மாமா" என்றேன். "ம்" என்றார். என்னிடம் இரண்டு மாதத்தில் பேசிய முதல் எழுத்து அது.

சத்தம் கேட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமே வந்துவிட்டது. வேம்பு பிள்ளையோடு வந்தாள். அவள் பிள்ளையும் மங்காவும் ஒருவரை ஒருவர் பார்த்து முறைத்தார்கள். கூட்டத்தில் தங்கையனைத் தேடினேன். கேஸ் தள்ளுபடியாகி வெளியே வந்ததிலிருந்து நான் அவரைப் பார்க்கவில்லை.

"அவரையும் கூப்பிட்டுட்டு வந்திருக்கலாமே வேம்பு" என்றேன்.

"வரமாட்டாரு சின்னம்மா. வண்டி பக்கத்துல நின்னாருன்னுதானே மொதல்ல புடிச்சாங்க." பிள்ளையை இடுப்பு மாற்றினாள். "மதகுல நின்னு சத்தத்தக் கேட்டாரு. நல்லாத்தான் கத்துதுன்னாரு."

அகிலாண்டம்